மலைக்கும் பசிபிக்குக்கும் நடுவே: பலேர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அலைச்சறுக்கு பற்றி எழுதியபோது பிலிப்பீன்சின் பலேர் என்னும் கடலோர ஊரை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தோம். கட்டுரையைவிட அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்தன. வீட்டுப் பணிப்பெண்ணின் சொந்த ஊர் என்று சிலர், மருமகளின் ஊர் என்று ஒருவர், விடுமுறைக்கு மகனை அழைத்துப் போகலாமா என்று ஒருவர். ஆகவே இம்மாதக் கேள்வி பதில் முழுக்கப் பலேருக்கே.

எங்கள் வீட்டுப் பணிப்பெண் பலேர்க்காரர். “மணிலாவுக்குப் பக்கம்தானே?” என்று கேட்டால் சிரிக்கிறார். வரைபடத்தில் ஒட்டினாற்போலத்தான் தெரிகிறது. ஏன் சிரிக்கிறார்? அது நகரமா, கிராமமா?
(வாசகி, தெம்பனீஸ்)

வரைபடத்தில் மலை தெரியவில்லை, அதனால் சிரிக்கிறார். மணிலாவிலிருந்து பலேருக்கு நேர்கோடு போட்டால் சுமார் 140 கிலோமீட்டர். சாலையில் போனால் ஏறத்தாழ 230. இடையில் சியரா மாத்ரே மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. லூசோன் தீவின் கிழக்கு விளிம்பில் வடக்கு தெற்காக 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மலை அது. அதன் கிழக்குச் சரிவு இறங்கிக் கடலைத் தொடும் இடத்தில், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் சமவெளியில் பலேர் இருக்கிறது. முன்னால் பலேர் விரிகுடா, அதற்கு அப்பால் பசிபிக். அந்த ஊரைப் பற்றி நீங்கள் எதைக் கேட்டாலும் பதில் இந்த இரண்டில் ஒன்றில் போய் முட்டும்.

பலேர், அவுரோரா மாகாணத்தின் தலைநகர். ஆனாலும் ‘நகரம்’ என்ற சட்டத் தகுதி அதற்குக் கிடையாது. அது ஒரு முனிசிப்பாலிட்டி. நம்மவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டு நகராட்சியை நினைத்துக்கொள்வார்கள். பிலிப்பீன்ஸ் முனிசிப்பாலிட்டி அப்படியல்ல. நடுவில் ஒரு கடைத்தெரு, சுற்றிலும் வயல், தென்னந்தோப்பு, மீனவர் குடியிருப்பு, பின்னால் காட்டு மலை, எல்லாம் சேர்ந்த ஒரே ஆட்சி எல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குக் கீழே பராங்காய் என்னும் அடிமட்டப் பிரிவுகள். பலேரில் 13 பராங்காய்கள்: ஊர் நடுவில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டவை, வெளியே சபாங், புஹாங்கின், சுக்லாயின், ரெசெர்வா, பிங்கிட், கலாபுவானன், ஒப்லிகாசியோன், சபாலி. பரப்பு சுமார் 93 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரில் எட்டில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள் 43,000க்குச் சற்று மேல். உங்கள் தெம்பனீஸ் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்.

ஆட்சி எல்லை கரையோடு நிற்பதும் இல்லை. 1998ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி, கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ள கடல் முனிசிப்பாலிட்டிக்கு உரியது. அங்கே சிறு படகுகளுக்கே முன்னுரிமை. உங்கள் பணிப்பெண்ணின் வீட்டில் யாரேனும் இருபுறமும் மூங்கில் துணைக்கட்டை வைத்த ‘பங்கா’ படகில் மீன் பிடிப்பவராக இருந்தால், அவருடைய உரிமம் மணிலாவில் அல்ல, பலேர் முனிசிப்பல் அலுவலகத்தில்தான் இருக்கும்.

என் மருமகள் பிலிப்பினோ. அவளுடைய தாயாரின் பிறப்புச் சான்றிதழில் ‘பலேர், கேசோன்’ என்று இருக்கிறது. மருமகளுடையதில் ‘பலேர், அவுரோரா’. ஒன்றில் பிழை இருந்தால் இங்கே விண்ணப்பத்தில் சிக்கல் வருமோ?
(வாசகர், ஈசூன்)

இரண்டும் சரி. ஊர் அப்படியே இருந்தது. மாகாணம்தான் அதன் தலைக்கு மேல் மாறிக்கொண்டே இருந்தது.

ஸ்பானியர் காலத்தில் பலேர், ‘எல் பிரின்சிபே’ என்னும் தனி ராணுவ மாவட்டத்தின் தலைமையிடம். அமெரிக்கர் ஆட்சி வந்ததும் 1902இல் அதைத் தெற்கே இருந்த தயாபாஸ் மாகாணத்தோடு சேர்த்தார்கள். 1946இல் தயாபாசுக்குக் கேசோன் என்று புதுப் பெயர். 1951இல் கேசோனுக்குள்ளேயே அவுரோரா துணை மாகாணம் ஆனது. 1979இல்தான் முழு மாகாணமாகப் பிரிந்தது. ஆக, 1946க்கு முன் பிறந்த பாட்டியின் தாளில் தயாபாஸ், 1960களில் பிறந்த தாயாரின் தாளில் கேசோன், 1979க்குப் பின் பிறந்த மகளின் தாளில் அவுரோரா என்று மூன்று தலைமுறைக்கு மூன்று மாகாணம் வருவது அங்கே சாதாரணம்.

விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் சான்றிதழில் அச்சாகியிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். ‘இப்போது அவுரோரா அல்லவா’ என்று நீங்களாகத் திருத்தப் போனால், சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகாமல் தாள் திரும்பி வரும். இப்போதைய முகவரி என்ற கட்டத்தில் மட்டும் அவுரோரா. சான்றிதழ் நகல் மங்கலாக இருந்தால் பிலிப்பீன்ஸ் புள்ளிவிவர ஆணையத்திடம் புது நகல் கேட்டு வாங்கலாம்.

இதே குழப்பம் பார்சலிலும் வரும். கேசோன் மாகாணம் வேறு, மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டி வேறு. அவுரோரா மாகாணம் வேறு, பலேருக்குப் பக்கத்து முனிசிப்பாலிட்டியான மரியா அவுரோரா வேறு. பெட்டி அனுப்பும்போது வீட்டு எண் அல்லது குடியிருப்புப் பெயர், பராங்காய், பலேர், அவுரோரா, 3200 என்று இந்த வரிசையில் எழுதுங்கள். பராங்காய் பெயரை விட்டுவிட்டால் பெட்டி ஊர்வரை போய்விட்டு வீடு தேடி நிற்கும். பெறுபவரின் கைப்பேசி எண்ணைப் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் எழுதுவது நல்லது. லாரிக்காரர் முகவரியைவிட அதைத்தான் நம்புவார்.

ஸ்பெயின் தோற்றுப்போய் நாட்டையே விற்றுவிட்ட பிறகும், அது தெரியாமல் ஒரு ஸ்பானியப் படை பலேர் தேவாலயத்துக்குள் மாதக்கணக்கில் சண்டை போட்டதாகப் படித்தேன். நம்ப முடியவில்லை. செய்தி எப்படித் தெரியாமல் போகும்?
(வாசகர், புக்கிட் பாத்தோக்)

தெரியாமல் போகவில்லை ஐயா. சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் நம்பவில்லை. கதையின் சாரமே அதுதான். பல இடங்களில் இதைச் ‘செய்தி போய்ச் சேராத படை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மை.

ஸ்பானியருக்கு எதிரான புரட்சி பலேரை எட்டியது 1897இல். அந்த அக்டோபரில் புரட்சியாளர்கள் ஊரில் இருந்த ஸ்பானியக் காவல்படையைத் தாக்கினார்கள்; அதன் அதிகாரி இறந்தார். 1898 தொடக்கத்தில் புதிதாக 50 பேர் கொண்ட படை வந்தது. மாவட்டத் தலைவர் கேப்டன் என்ரிகே தெ லாஸ் மொரேனாஸ். அவருக்குக் கீழே இரண்டு லெப்டினன்ட்கள், ஹுவான் அலோன்சோ, சதுர்னினோ மார்த்தின் செரேசோ. கூடவே ஒரு மருத்துவர். ஊரில் கல்லால் கட்டிய ஒரே வலுவான கட்டடம் தேவாலயம். ஜூன் மாதக் கடைசியில் ஊர் மக்கள் ஒருவர் விடாமல் வெளியேறியதைப் பார்த்துப் படை அதற்குள் புகுந்துகொண்டது. முற்றுகை தொடங்கியது 1898 ஜூலை 1. முடிந்தது 1899 ஜூன் 2. மொத்தம் 337 நாள்.

அத்தனை நாள் தாக்குப்பிடித்த விதத்தைப் பாருங்கள். வாசல்களையும் சன்னல்களையும் அடைத்துச் சுடுவதற்கு மட்டும் துளை விட்டார்கள். குடிநீர் இல்லை என்று கட்டடத்துக்கு உள்ளேயே கிணறு தோண்டினார்கள்; கடலோர வண்டல் நிலமாதலால் சில மீட்டர் ஆழத்திலேயே நீர் வந்துவிட்டது. ரொட்டிக்கு ஓர் அடுப்பு கட்டினார்கள். இறந்தவர்களைத் தேவாலயத்துத் தரையிலேயே புதைத்தார்கள்.

வெளியே உலகம் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர். ஆகஸ்ட் 13 அன்று மணிலா அமெரிக்கர் கையில். டிசம்பர் 10 அன்று பாரிஸ் ஒப்பந்தம். பிலிப்பீன்சை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டது ஸ்பெயின். இவை ஒவ்வொன்றையும் பலேரில் சொல்லிப் பார்த்தார்கள். கடிதம் வந்தது. இரண்டு ஸ்பானியப் பாதிரியார்களைத் தூது அனுப்பினார்கள். அவர்களும் உள்ளேயே தங்கிவிட்டார்கள். செய்தித்தாள்கள் வந்தன. அத்தனையும் எதிரி போடும் வேஷம் என்றே உள்ளே முடிவு கட்டினார்கள். காரணம் இருந்தது. மணிலாவிலிருந்து வரும் எதுவும் மலையைத் தாண்டி, புரட்சியாளர்களின் கைவழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒரு செய்தியைச் சரிபார்க்க இரண்டாவது வழி இல்லை. கடல் வழி திறந்திருந்தாலும் ஸ்பானியக் கப்பல் எதுவும் வரவில்லை. 1899 ஏப்ரலில் அமெரிக்கக் கப்பல் யார்க்டவுன் வந்தது. அதிலிருந்து லெப்டினன்ட் கில்மோர் தலைமையில் படகில் இறங்கியவர்களைப் புரட்சியாளர்கள் பிடித்துவிட்டார்கள்.

இதற்குள் அலோன்சோ அக்டோபரிலும், லாஸ் மொரேனாஸ் நவம்பரிலும் நோயில் இறந்து, பொறுப்பு மார்த்தின் செரேசோவிடம் வந்திருந்தது. பிடிவாதக்காரர். முற்றுகை முடிவதற்கு முதல்நாள்கூடத் தப்ப முயன்ற குற்றத்துக்காகச் சிறையில் வைத்திருந்த இருவரைச் சுட்டுக்கொல்லச் செய்தார். வீரம் என்று கொண்டாடும் நூல்கள் இந்த இடத்தில் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடும்.

மே மாதக் கடைசியில் ஸ்பானிய லெப்டினன்ட் கர்னல் அகிலார் சீருடையோடு நேரிலேயே வந்து, சரணடையும்படி மேலிடத்து உத்தரவைச் சொன்னார். அவரையும் நம்பவில்லை. அவர் விட்டுச்சென்ற பத்திரிகைக் கட்டில் ‘எல் இம்பார்சியல்’ நாளிதழ் இருந்தது. அதைப் புரட்டியபோது ஓரமாக ஒரு துணுக்கு: மார்த்தின் செரேசோவின் நண்பரான ஓர் அதிகாரிக்கு மலாகா நகருக்கு மாற்றல். அந்த நண்பர் மலாகாவுக்குப் போக விரும்பியது அவர்கள் இருவருக்குள் பேசிக்கொண்ட விஷயம். பலேர்ப் புரட்சியாளர் எவரும் அதைக் கற்பனை செய்து அச்சடித்திருக்க முடியாது. அப்படியானால் பத்திரிகை உண்மை. பத்திரிகை உண்மையென்றால் போர் முடிந்ததும் உண்மை. வெள்ளைக் கொடி ஏறியது.

ஜூன் 30 அன்று புரட்சியாளர்களின் தலைவரும் பிலிப்பீன்ஸ் குடியரசின் அதிபருமான அகினால்டோ, இவர்களைக் கைதிகளாக அல்ல, நண்பர்களாக நடத்தித் தாயகம் அனுப்ப வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். எஞ்சியவர்கள் 30க்குச் சற்று மேல். செப்டம்பரில் பார்சலோனாவில் இறங்கினார்கள். 2003இல் இயற்றிய சட்டப்படி ஜூன் 30 இன்றும் பிலிப்பீன்ஸ்–ஸ்பெயின் நட்பு நாள்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இப்போது நிற்கும் தேவாலயம் முற்றுகை நடந்த கட்டடம் அல்ல. இடம் அதே, கட்டடம் 1939இல் எழுந்தது. குண்டு பாய்ந்த சுவரைத் தேடாதீர்கள். முகப்பில் உள்ள பலகையைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பலேர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

அந்தப் படையினர் பெரிபெரி நோயில் இறந்தார்கள் என்கிறார்களே, அது என்ன நோய்? உணவு இருந்தும் எப்படி வந்தது?
(வாசகி, செங்காங்)

உணவு இருந்தது, உணவில் பி1 உயிர்ச்சத்து இல்லை. சேமித்து வைத்த மாவு, பன்றிக்கொழுப்பு, தகர டப்பா மத்தி, பூச்சி பிடித்த பருப்பு, இவைதான் கிடங்கில் இருந்தவை. நாளாக ஆக அவையும் கெட்டுப்போயின. பி1 நம் உடலில் சில வாரங்களுக்கு மேல் சேமிப்பில் நிற்காது. அது தீர்ந்தால் முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுபோகும். முற்றுகை தொடங்கி மூன்றாம் மாதமே, செப்டம்பரில், உள்ளே இருந்த பங்குப் பாதிரியார் இந்த நோயில் இறந்தார். குண்டடிபட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்கள் பல மடங்கு.

டிசம்பர் 14 அன்று ஒரு சிறு குழு திடீரென்று வெளியே பாய்ந்து, சுற்றியிருந்த குடிசைகளுக்குத் தீ வைத்து, பூசணி இலையும் ஆரஞ்சும் பறித்துக்கொண்டு வந்தது. அடைத்துக் கிடந்த கட்டடத்தையும் திறந்து காற்றோட்டம் விட்டார்கள். அதன்பின் நோயாளிகள் தேறத் தொடங்கியதாகப் பதிவு இருக்கிறது. ஏன் தேறினார்கள் என்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோழிக்குத் தீட்டிய அரிசி போட்டால் இதே போன்ற நோய் வருகிறது, தவிட்டோடு போட்டால் வருவதில்லை என்று டச்சு மருத்துவர் எய்க்மன் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கண்டது 1890களில்தான். நோபெல் பரிசு கிடைத்ததோ 1929இல்.

நம் சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலும் இங்கும் பெரிபெரி கொத்துக் கொத்தாக மக்களைக் கொன்றது. தீட்டிய சயாம் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது வந்தது. தோட்டத்தில் அதே வெயிலில் வேலை செய்த தமிழருக்கு அநேகமாக வரவில்லை. காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பச்சரிசியில் அது மேல்தோலிலேயே நின்று தவிட்டோடு போய்விடும். மிச்சம் இருப்பதும் நாலைந்து முறை அலசினால் கழுநீரோடு போகும். இன்று பருப்பு, முட்டை, இறைச்சி என்று பலதும் தட்டில் இருப்பதால் கவலையில்லை. ஆனாலும் கழுவுவது இரண்டு முறை போதும்.

பலேரைச் சுனாமி அழித்ததாகச் சொல்கிறார்களே, 2004ஆம் ஆண்டிலா?
(வாசகர், பாசிர் ரிஸ்)

இல்லை. அது இந்தியப் பெருங்கடல். பலேரை அழித்த அலை வந்தது 1735 டிசம்பர் 27 அன்று. பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் 1609இல் அமைத்த பழைய குடியிருப்பு கடலை ஒட்டி இருந்தது. இரவோடு இரவாக வந்த பேரலை அதைத் துடைத்துவிட்டது. அருகிலிருந்த எர்மிதா குன்றில் ஏறிய சில குடும்பங்கள் மட்டும் பிழைத்தன. ஏழு குடும்பங்கள் என்று ஊர் மரபு சொல்கிறது. பிழைத்தவர்கள் ஊரைச் சற்று உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இன்று கடைத்தெருவும் தேவாலயமும் கரையிலிருந்து விலகி நிற்பதற்குக் காரணம் அதுதான். குன்றின் அடியில் மக்கள் மேலே ஏறித் தப்பும் காட்சியைச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். இப்போது விடுதிகளெல்லாம் மறுபடி கடலோரச் சபாங்கில்தான். 1735 யாருக்கு நினைவிருக்கிறது?

கிழக்கு லூசோன் கடலடியில் நிலத்தட்டு நகரும் பள்ளம் ஒன்று உண்டு. 1968 ஆகஸ்ட் 2 அன்று பலேருக்கு வடக்கே காசிகுரான் பக்கம் எழுந்த நிலநடுக்கத்தில், மலைக்கு அப்பால் மணிலாவில் இருந்த ரூபி டவர் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆகவே பலேரில் தங்குகிறவர்கள் மூன்று அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடுவது, கடல் திடீரென்று பின்வாங்கித் தரை தெரிவது, அல்லது ஓயாத இரைச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் கைப்பேசி எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். அருகிலுள்ள கடலடியில் நிலம் அதிர்ந்தால் சில நிமிடங்களில் அலை வந்துவிடும். முதல் அலை போனதும் பெட்டி எடுக்க இறங்குவதுதான் பலரைக் கொல்லும் தவறு. அடுத்த அலை இன்னும் பெரிதாக இருக்கலாம். மணிக்கணக்கில் தொடர்ந்து வரலாம்.

கேசோன் சிட்டிக்குப் பெயர் தந்த அதிபர் பிறந்தது பலேரிலா?
(வாசகர், தோ பாயோ)

ஆம். மனுவேல் லூயிஸ் கேசோன், 1878 ஆகஸ்ட் 19, பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். 1935இல் அமெரிக்க மேலாட்சியின் கீழ் அமைந்த பிலிப்பீன்ஸ் காமன்வெல்த் அரசின் முதல் அதிபர். 1944இல் அமெரிக்காவில் காசநோயால் இறந்தார். ஊரின் காவல் புனிதர் தூலூசின் புனித லூயிசின் திருநாளும் ஆகஸ்ட் 19தான். மனைவி அவுரோராவும் பலேர்க்காரர், தாய்வழியில் ஒன்றுவிட்ட சகோதரி. 1949 ஏப்ரலில் பலேரில் ஒரு மருத்துவமனையைத் திறந்துவைக்க மலைச்சாலையில் வந்துகொண்டிருந்தபோது, பொங்காபோன் பகுதியில் ஆயுதக் குழு சுட்டதில் அவரும் மகளும் மருமகனும் இறந்தார்கள். மாகாணத்துக்குத் தாயின் பெயர். மரியா அவுரோரா முனிசிப்பாலிட்டிக்கு மகளின் பெயர்.

பதினைந்து வயது மகன் அலைச்சறுக்குப் பழக ஆசைப்படுகிறான். பலேர் தொடக்கநிலைக்கு ஏற்றதா? எப்போது போவது, எப்படிப் போவது?
(வாசகி, உட்லண்ட்ஸ்)

ஏற்ற இடம்தான், சபாங் கடற்கரையை விட்டு நகராதவரை. அங்கே அடித்தளம் மணல். விழுந்தால் சிராய்ப்போடு போகும். அதே ஊரில் செமெந்தோ என்ற இடத்தில் அடியில் பவளப்பாறை, தேர்ந்தவர்களுக்கு மட்டும். நண்பர் பேச்சைக் கேட்டு மகன் இரண்டாம் நாளே அங்கே போக நிற்பான், விடாதீர்கள். ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் இருக்கும் ‘சார்லிஸ் பாயின்ட்’டில்தான் 1976இல் ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தின் அலைச்சறுக்குக் காட்சியை எடுத்தார்கள். படக்குழு விட்டுச்சென்ற பலகைகளை வைத்து ஊர்ப் பிள்ளைகள் பழகியதுதான் அங்கே இந்த விளையாட்டின் தொடக்கம் என்பார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று பசிபிக்கிலிருந்து அலையைத் தள்ளிக்கொண்டு வரும். பழக நல்லது, குழந்தைகள் நீந்தவோ கால் நனைக்கவோ நல்லதல்ல. நம் ஜூன் விடுமுறையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். குடும்பத்தோடு போக அதுவே தோது, ஆனால் மகனுக்கு அலை கிடைக்காமல் போகலாம். நவம்பர், டிசம்பரில் மகனுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு மழை. காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் முற்பகல் ஆக ஆக அலை குலைந்துவிடும். விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.

முதல் நாளுக்கு எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மெத்துப் பலகை. சின்னப் பலகை பார்க்க அழகு, ஆனால் அதில் எழுந்து நிற்கவே ஒரு வாரம் போகும். கால்கயிற்றைப் பின்னால் வரும் காலில் கட்ட வேண்டும். இடுப்பளவு நீரில், உடைந்து நுரைத்து வரும் அலையில்தான் முதல் பாடம். பயிற்றுநர் பலகையைத் தள்ளிவிடுவார். பார்வை கரையில் இருக்க வேண்டும். கீழே பார்த்தால் கீழேதான் விழுவான். பலகையைத் தனக்கும் அலைக்கும் நடுவே பிடிப்பது எல்லாப் புதியவர்களும் செய்வது. அலை அதைத் தூக்கி மூக்கிலோ பல்லிலோ அறையும். பலகை எப்போதும் பக்கவாட்டில். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும்; எழும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு எழ வேண்டும். நீர் ஆளைக் கடலுக்குள் இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாக நகர்ந்து இழுவையிலிருந்து வெளியேற வேண்டும். பெருமழைக்கு மறுநாள் முகத்துவாரத்துப் பக்கம் இறங்கவே கூடாது. மலையிலிருந்து மரக்கட்டைகள் மிதந்து வரும்.

வழி சொல்கிறோம். சிங்கப்பூரிலிருந்து மணிலா மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், நேரம் ஒன்றே. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை தங்க விசா வேண்டாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். நிரந்தரவாசிகளாக இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு விதி வேறு, பிலிப்பீன்ஸ் தூதரகத் தளத்தில் பாருங்கள். மணிலாவில் இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் பிலிப்பீன்ஸ் அரசின் ‘ஈ-டிராவல்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம். கடன் அட்டை எண் கேட்கும் தளம் வந்தால் அது போலி.

பேருந்து கேசோன் சிட்டியின் குபாவோவிலிருந்து கிளம்புகிறது. பலேருக்கு ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து குபாவோ போகவே நெரிசலில் ஒன்றிரண்டு மணி ஆகும். ஆகவே மாலை விமானத்தில் இறங்கி அன்றிரவுப் பேருந்தைப் பிடிப்போம் என்று இடைவெளி இல்லாமல் திட்டம் போடாதீர்கள். கிளார்க் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் மணிலா பக்கமே வராமல் கபனாத்துவான் போய் அங்கிருந்து வண்டி மாறலாம். மலையைக் கடக்க இரண்டு சாலைகள்: பொங்காபோன் வழி கிட்டம், ஆனால் குறுகல், பந்தபாங்கான் வழி சுற்று, ஆனால் அகலம். இரண்டிலும் வளைவு அதிகம். வாந்தி வரும் ஆள் என்றால் மலை ஏறும் முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும். ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

புயல் செய்தி வந்தால் எங்கள் பணிப்பெண் இரவு முழுக்கத் தூங்குவதில்லை. ‘சிக்னல் 3’ என்கிறார். எந்த அளவுக்குப் பயப்பட வேண்டும்? நாங்கள் என்ன செய்யலாம்?
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பயத்தில் நியாயம் இருக்கிறது. பசிபிக்கில் மேற்கே நகரும் புயல் பல நேரம் முதலில் தொடும் நிலம் அந்தக் கரைதான். 2013 ஆகஸ்டில் லபுயோ, 2015 அக்டோபரில் லாண்டோ, இரண்டும் கரை ஏறியது காசிகுரானில். 2022 செப்டம்பரில் கார்டிங், டிங்காலனில். எல்லாம் அவுரோரா மாகாணம். இங்கே செய்தியில் உத்தோர், கொப்பு, நோரு என்று வந்தவை அவையேதான். பிலிப்பீன்ஸ் வானிலை நிலையமான பகாசா தன் எல்லைக்குள் நுழையும் புயலுக்குத் தானே ஒரு பெயர் வைக்கும். இரண்டு பெயரைப் பார்த்து இரண்டு புயல் என்று நினைத்துவிடாதீர்கள்.

எச்சரிக்கை எண் ஐந்து வரை போகும். காற்றின் வேகம் மணிக்கு 39 முதல் 61 கிலோமீட்டர் என்றால் 1. 62 முதல் 88 வரை 2. 89 முதல் 117 வரை 3. 118 முதல் 184 வரை 4. அதற்கு மேல் 5. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எண் அறிவித்த நொடியில் அந்தக் காற்று வீசுகிறது என்று பொருளல்ல. முதல்முறை அறிவிக்கும்போது எண் 1 என்றால் இன்னும் 36 மணி நேரத்துக்குள், 2 என்றால் 24, 3 என்றால் 18, 4க்கும் 5க்கும் 12. அந்த இடைவெளி வீட்டைக் கட்டி இறுக்குவதற்கும் வெளியேறுவதற்கும் தருகிற அவகாசம்.

நீங்கள் உதவ நினைத்தால் அந்த அவகாசத்துக்குள் உதவுங்கள். பணம் அனுப்புவதானால் எண் 1 அறிவித்த அன்றே அனுப்பி, அன்றே எடுக்கச் சொல்ல வேண்டும். புயலுக்குப் பின் மின்சாரம் இருக்காது. பணம் தரும் கடை திறக்காது. மலைச்சாலையில் மண் சரிந்தால் நிவாரண லாரியும் வராது. வீட்டாரின் கைப்பேசிகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த வெளியேற்ற மையத்துக்குப் போகிறார்கள், பராங்காய் தலைவரின் எண் என்ன என்பதை முன்கூட்டியே பணிப்பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் தொடர்பே இல்லாமல் போகலாம். அநேகமாகக் கோபுரம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதை அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். அந்த நாள்களில் வேலை நேரத்திலும் கைப்பேசி அவர் கையில் இருக்கட்டும்.

ஊருக்குப் போய்த் திரும்புபவரிடம் பலேரிலிருந்து என்ன வாங்கி வரச் சொல்லலாம்?
(வாசகர், அங் மோ கியோ)

சபுத்தான் தொப்பி அல்லது பாய். நம் தாழைக்கு உறவான செடி. அதன் மடலை முள் நீக்கி, மெல்லிய கீற்றாகக் கிழித்து, உலர்த்திப் பின்னுகிறார்கள். கீற்று எவ்வளவு மெலிதோ அவ்வளவு விலை. மலிவானதை வளைத்துப் பார்த்தால் மடிப்பில் விரிசல் தெரியும். நல்லது சுருட்டினாலும் விரிந்துகொள்ளும். இங்கே அலமாரிக்குள் பூட்டி வைத்தால் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் படும் இடத்தில் மாட்டி வையுங்கள். பூஞ்சை வந்தால் தண்ணீரில் அலசாமல், உலர்ந்த தூரிகையால் தட்டி நிழலில் காயப் போடுங்கள்.